பிள்ளை விளையாடுற கிரவுண்டுக்கு ஒருநாள் போய்ப் பாருங்க!

பேரண்ட்ஸ் மீட்டிங் என்றால் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடுகிறீர்கள். கணக்கில் எத்தனை, சயின்ஸில் எத்தனை என்று டீச்சரிடம் துருவித் துருவி விசாரிக்கிறீர்கள். அதே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், சாயங்காலம் நாலரை மணிக்கு உங்கள் மகன் மூச்சுப் பிடித்துக் கபடி பாடிக்கொண்டிருக்கிறான். உங்கள் மகள் வாலிபால் நெட்டுக்குக் கீழே எம்பி எம்பிக் குதிக்கிறாள். அதை என்றைக்காவது போய்ப் பார்த்ததுண்டா?

"எங்கங்க நேரம்? கழனி வேலை முடிஞ்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டி, பால் சொசைட்டிக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள விளக்கு வச்சிடுதே!" என்பார் பாகூர் பக்கத்து அம்மா. "கம்பெனியில ரெண்டாவது ஷிப்டு. பையன் முகத்தைப் பார்க்கறதே ஞாயித்துக்கிழமைதான்" என்பார் சேதராப்பட்டுக்கு வேலைக்குப் போகும் வில்லியனூர் அப்பா. இரண்டும் நியாயமான பதில்தான். அதனால் தினமும் போகச் சொல்லி உங்களைக் கஷ்டப்படுத்தப் போவதில்லை. வாரத்தில் ஒரு நாள், இருபது நிமிஷம் போதும். முடியாதவர்கள் பதினைந்து நாளைக்கு ஒரு முறை போங்கள்.

எதற்காக? கைதட்ட அல்ல. கோச் வேலை பார்க்கவும் அல்ல. உங்கள் பிள்ளையின் உடம்பைப் பார்க்க!

மேட்ச் அன்றைக்குத்தான் பெரும்பாலான அப்பா அம்மா வருகிறார்கள். மேட்ச் அன்று பிள்ளை எல்லாவற்றையும் மறைத்துவிடும். முட்டி வலித்தாலும் சொல்லாது. சொன்னால் டீமில் இடம் போய்விடுமே! பிராக்டீஸில்தான் உண்மை தெரியும். ஓடி முடித்ததும் எப்படி மூச்சு வாங்குகிறான், எந்தக் காலை இழுத்து வைக்கிறான், யாரோடு சேர்ந்து உட்காருகிறான், தாகத்துக்கு என்ன குடிக்கிறான்... பதினைந்து வருஷம் வளர்த்த உங்கள் கண்ணுக்கு இதெல்லாம் பளிச்சென்று தெரியும். நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் மேய்க்கிற பி.டி. மாஸ்டருக்குத் தெரியாமல் போகலாம். அது அவர் குற்றமும் இல்லை.

புதுச்சேரியில் அரசுப் பள்ளிகள் 2024-25 கல்வியாண்டில் முழுவதுமாக சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு, 'இந்தப் புஸ்தகத்தைப் படிக்கறதுக்கே நேரமில்லை, இதுல விளையாட்டு வேறயா?' என்கிற கவலை பல வீடுகளில் கூடியிருக்கும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் என்ன சொல்கிறது தெரியுமா? 5 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும். 2016-ஆம் வருஷத்துக் கணக்குப்படி உலகத்தில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் அந்த அளவுக்கு ஓடியாடுவதில்லை. பெண் பிள்ளைகளில் 85 சதவீதம்! ஆக, சாயங்காலம் மண்ணை அப்பிக்கொண்டு வருகிற உங்கள் பிள்ளை ஏற்கெனவே அபூர்வமான கூட்டத்தைச் சேர்ந்தது. அதைத் திட்டாதீர்கள்.

கிரவுண்டு ஓரமாக நின்று என்ன பார்ப்பது?

முதலில் மூச்சு. எல்லாப் பிள்ளையும் ஓடினால் மூச்சு வாங்கும். இரண்டு மூன்று நிமிஷத்தில் பேச ஆரம்பித்துவிடும். உங்கள் பிள்ளை மட்டும் ஓடி முடித்துப் பத்து நிமிஷம் ஆன பிறகும் இருமிக்கொண்டே இருக்கிறதா? நெஞ்சில் 'கீச் கீச்' சத்தம் வருகிறதா? மார்கழி மாசத்து விடியற்காலைப் பயிற்சியில் அது அதிகமாகிறதா? ஓடும்போது மட்டும் தலைகாட்டுகிற ஆஸ்துமா என்று ஒன்று உண்டு. 'சளி உடம்பு' என்று வருஷக்கணக்கில் கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்போம். டாக்டரிடம் காட்டினால் இன்ஹேலர் கொடுப்பார். பயிற்சிக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் முன்னால் அவர் சொன்னபடி இழுத்துக்கொண்டு பிள்ளை தாராளமாக விளையாடலாம். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று பயப்படத் தேவையில்லை.

அடுத்தது சோர்வு. போன வருஷம் முதல் ஆளாக ஓடிய பெண் இந்த வருஷம் கடைசியில் வருகிறாள் என்றால், "சோம்பேறி ஆயிட்டா" என்று சொல்லும் முன், அவள் கீழ் இமையை இழுத்து உள்ளே பாருங்கள். வெளுத்திருக்கிறதா? 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அந்த வயசுப் பையன்களிலும் 31.1 சதவீதம் பேருக்கு இருந்தது. பத்துப் பெண்களில் ஆறு பேர்! வாலிபால் டீமே ஆறு பேர்தானே. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் கொடுக்கிற அந்த நீல மாத்திரை இதற்காகத்தான். அதில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கிறது. "வயித்தைப் பெரட்டுது" என்று ஜன்னல் வழியாகத் தூக்கிப் போடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். உங்கள் மகள் முழுங்குகிறாளா என்று கேளுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். போட்டதும் டீ குடிக்க வேண்டாம். டீ இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது.

மூன்றாவது முட்டி. எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போது பிள்ளைகள் 'கிடுகிடு'வென்று உயரமாவார்கள். அந்த நேரத்தில் குதிக்கிற, ஓடுகிற பிள்ளைகளுக்கு முட்டிக்குக் கீழே எலும்பு முண்டு மாதிரி புடைத்து வலிக்கும். தொட்டால் 'ஐயோ' என்பார்கள். 1903-லேயே ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரண்டு டாக்டர்கள் இதைப் பற்றி எழுதியதால் அவர்கள் பேரையே இதற்கு வைத்துவிட்டார்கள். பயப்படுகிற நோய் இல்லை. வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். ஆனால் வலியோடு வலியாகக் குதிக்க விடக்கூடாது. சில வாரம் குதிப்பதைக் குறைத்து, ஐஸ் வைத்து, தொடைச் சதையை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தால் சரியாகும். முட்டி வலி ராத்திரியில் தூக்கத்தையே கெடுத்தாலும், வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொன்று, இது முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை மயக்கம் போட்டு விழுந்தது என்றால், "வெறும் வயிறு" என்று விட்டுவிடாதீர்கள். உட்கார்ந்து எழுந்திருக்கும்போது தலை சுற்றுவது வேறு, ஓட்டத்தின் நடுவில் சுருண்டு விழுவது வேறு. குடும்பத்தில் யாராவது சின்ன வயசில் திடீரென்று இறந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு ஈ.சி.ஜி., தேவைப்பட்டால் எக்கோ. அது முடியும் வரை கிரவுண்டுக்கு அனுப்ப வேண்டாம்.

நாலு மணிப் பசி

பள்ளியில் மதியச் சாப்பாடு பன்னிரண்டரை, ஒரு மணிக்கு. பிராக்டீஸ் நாலரைக்கு. வீட்டுக்கு வர ஏழு. நடுவில் ஆறு மணி நேரம்! அந்த இடைவெளியில் பெரும்பாலான பிள்ளைகள் சாப்பிடுவது அஞ்சு ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டும் கலர் தண்ணியும்.

நாலு மணிக்கு அவன் பையில் என்ன இருக்கலாம்? இரண்டு வாழைப்பழம், ஒரு கடலை உருண்டை. இல்லாவிட்டால் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. காலையில் மீந்த இட்லியில் பொடி தடவி நாலு. இவ்வளவுதான். பயிற்சி முடிந்து வந்த ஒரு மணி நேரத்துக்குள் ராத்திரிச் சாப்பாட்டைப் போட்டுவிடுங்கள். அதில் முட்டையோ, மீனோ, பருப்போ, சுண்டலோ ஒன்று இருக்கட்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். ஒரு டம்ளர் பாண்லே பாலில் இன்னொரு 6 கிராம். இதைக் கூட்டிப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் விலை போட்ட புரோட்டீன் பவுடர் டப்பா எதற்கு?

டப்பாவைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "பாடி ஏறும்" என்று சொல்லி ஜிம்மில் தெரிந்தவர் கொடுக்கிற பொட்டலப் பவுடர், ஊசி எதையும் பிள்ளை தொடக்கூடாது. சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வளர்கிற வயசில் ஸ்டீராய்டு போனால் எலும்பு வளரும் நுனி முன்கூட்டியே மூடிக்கொண்டு உயரம் நின்றுபோகும். கல்லீரலும் கெடும். ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் பதக்கமும் போகும், பேரும் போகும். டின்னில் வருகிற 'எனர்ஜி' பானமும் பிள்ளைகளுக்கு வேண்டாம். அதில் காபிப் பொருளான கேஃபீன் நிறைய உண்டு.

நம்ம ஊர் வெயில்

புதுச்சேரி வெயிலின் குணமே தனி. கடல் பக்கம் என்பதால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். அதனால்தான் வேலூரில் இருப்பதைவிட இங்கே சூடு குறைவாகக் காட்டினாலும் உடம்பு 'புழுங்கி' வெந்து போகிறது.

மே மாசத்து சம்மர் கேம்ப் காலை ஆறிலிருந்து எட்டரைக்குள், அல்லது சாயங்காலம் ஐந்துக்கு மேல் நடக்கட்டும். லீவு முழுக்க வீட்டில் ஃபேனுக்குக் கீழே படுத்திருந்த பிள்ளையை முதல் நாளே இரண்டு மணி நேரம் ஓட விடக்கூடாது. உடம்பு வெயிலுக்குப் பழக பத்து நாள் முதல் பதினாலு நாள் வரை ஆகும். முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். இதை பி.டி. மாஸ்டரிடம் மரியாதையாகக் கேட்கலாம்: "சார், முதல் வாரம் லேசா வச்சுக்கலாமா?"

தண்ணீர் விஷயத்தில் ஒரு பழைய மூடநம்பிக்கை இன்னும் போகவில்லை. "ஆடும்போது தண்ணி குடிச்சா வயித்துல பிடிக்கும், தண்ணி குடிக்காம தாக்குப் பிடிக்கிறவன்தான் வீரன்!" தப்பு. பதினைந்து, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏழெட்டு மடக்கு குடிக்க வேண்டும். நம் வீட்டு மோரில் உப்புப் போட்டு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினால் அதைவிட உசத்தி இல்லை. காலையில் பழைய சோற்று நீராகாரமும் அப்படித்தான். போதுமான தண்ணீர் குடிக்கிறானா என்று தெரிய ஒரு சுலபமான வழி: சிறுநீர் எலுமிச்சை ஜூஸ் மாதிரி வெளுத்து இருந்தால் சரி. டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தால் போதவில்லை. வீட்டிலேயே உப்புச் சர்க்கரைக் கரைசல் செய்வதானால், காய்ச்சி ஆற வைத்த 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக்கூடாது.

கிரவுண்டில் ஒரு பிள்ளை தள்ளாடுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறது, உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்பத் தாக்கு. உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். அரைகுறை நினைவில் இருப்பவர் வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். நிழலுக்குத் தூக்கிப் போய், சட்டையைத் தளர்த்தி, குடம் குடமாக உடம்பின் மேல் தண்ணீரை ஊற்றி, துண்டால் விசிறுங்கள். ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தக்கூடாது. உயிரைக் காப்பாற்றுவது அந்தப் பத்து நிமிஷத்துக் குளிர்ச்சிதான்.

வாய்க்குப் பூட்டு!

சரி, கிரவுண்டுக்குப் போய்விட்டீர்கள். இனி உங்களைப் பற்றிக் கொஞ்சம்.

"டேய், கால பிடிடா! இன்னாடா பண்ற? ரெண்டு வேளை திங்கிற இல்ல?" கோட்டுக்கு வெளியே நின்று இப்படிக் கத்துகிற அப்பாவை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பாசத்தில்தான் கத்துகிறார். ஆனால் அந்தப் பையன் நிலைமையை யோசியுங்கள். எதிரே ஏழு பேர் வளைத்துப் பிடிக்க நிற்கிறார்கள். மூச்சைப் பிடித்திருக்கிறான். ஒரு காதில் கோச் 'போனஸ் எடு' என்கிறார், இன்னொரு காதில் அப்பா 'திரும்பி வாடா' என்கிறார். யார் பேச்சைக் கேட்பான்? ஒரு வினாடி தயங்கினால் போதும், கணுக்கால் மாட்டும். அடிபடுவது அந்தத் தயக்கத்தில்தான்.

அமெரிக்காவில் புரூஸ் பிரவுன், ராப் மில்லர் என்ற இரண்டு கோச்சுகள் பல வருஷமாகக் கல்லூரி விளையாட்டு வீரர்களிடம் ஒரு கேள்வி கேட்டு வந்தார்கள். சின்ன வயசில் விளையாடிய நாட்களில் உனக்குப் பிடிக்காத நினைவு எது? அதிகம் பேர் சொன்ன பதில் தோல்வி இல்லை, காயம் இல்லை. மேட்ச் முடிந்து அப்பா அம்மாவோடு வீட்டுக்குத் திரும்பிய அந்தக் கார்ப் பயணம்! வழி நெடுக, செய்த தப்பையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேய்வார்களாம். நம் ஊரில் கார் இல்லை, டி.வி.எஸ். வண்டியின் பின் சீட்டு. வித்தியாசம் ஒன்றுமில்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவன் இறங்கி ஓடவும் முடியாது, முகத்தைப் பார்த்து பதில் சொல்லவும் முடியாது. அவர்களே கேட்ட இன்னொரு கேள்வி: அப்பா அம்மா எதைச் சொன்னால் உனக்குச் சந்தோஷமாக இருந்தது? 'நீ விளையாடறதப் பாக்க எனக்குப் பிடிச்சிருக்கு' என்கிற மாதிரி ஒரே ஒரு வாக்கியம். இதைச் சொல்ல நம் அப்பாக்களுக்கு வாய் வராது என்பது தெரியும். சொல்ல வராவிட்டால், வழியில் வண்டியை நிறுத்தி ஒரு கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுங்கள். அதுவும் அதே அர்த்தம்தான்.

பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமியை எல்லோருக்கும் தெரியும். மகனும் மகள் வைஷாலியும் செஸ் ஆட எந்த நாட்டுக்குப் போனாலும் கூடவே போனவர். கையோடு குக்கர் எடுத்துப் போய் ரசம் சாதம் வைத்துக் கொடுத்தவர். 2023-ல் பாகூ நகரத்தில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தபோது, கூட்டத்துக்கு ஓரமாக நின்று மகனையே பார்த்துக்கொண்டிருந்த அவருடைய போட்டோ உலகம் முழுக்கச் சுற்றியது. (பாகூரும் பாகூவும் பேரில் மட்டும்தான் ஒற்றுமை!) எந்தக் காயை எங்கே நகர்த்துவது என்று அவர் சொல்லவில்லை. அதற்குக் கோச் இருக்கிறார். சாப்பாடும் பக்கத்தில் ஓர் ஆளும்தான் அவர் வேலை. 2024-ல் உலக சாம்பியன் ஆன குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர். தொழிலைக் குறைத்துக்கொண்டு மகனோடு ஊர் ஊராகப் போனவர்.

இதைப் படித்துவிட்டு, 'நம்மால அப்படி முடியலையே' என்று குற்ற உணர்ச்சியில் உட்கார்ந்துவிடாதீர்கள். 2016-ல் ரியோ பாராலிம்பிக்ஸில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய சேலம் மாவட்டத்து மாரியப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா சரோஜா காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். மாரியப்பனுக்கு உயரம் தாண்டத் தெரியும் என்று கண்டுபிடித்துத் தூண்டிவிட்டவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். அம்மாவுக்கு நேரமில்லாத இடத்தில் ஓர் ஆசிரியர் நின்றார். உங்கள் ஊர் பி.டி. மாஸ்டரும் அப்படிப்பட்டவராக இருந்தால், தீபாவளிக்கு நாலு அதிரசத்தோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

இன்னும் ஒன்று, சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். நம் புதுச்சேரியில் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் கிராமத்துக்குக் கிராமம் உண்டு. சாயங்காலம் அந்த வழியாகப் போய்விட்டு அப்புறம் கிரவுண்டுக்கு வருகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வராதீர்கள். கூடப் படிக்கிறவர்கள் முன்னால் தலைகுனிந்த பிள்ளை மறுநாள் பிராக்டீஸுக்கு வராது. காரணத்தையும் யாரிடமும் சொல்லாது.

பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: "நான் வந்து பாக்கட்டுமா?" பதினாலு பதினைந்து வயசில் சிலருக்கு அம்மா வந்து நிற்பது வெட்கமாக இருக்கும். "வேணாம்மா, பசங்க கிண்டல் பண்ணுவாங்க" என்றால் கோபித்துக்கொள்ளாமல், மரத்தடியில் தள்ளி நில்லுங்கள். போனைப் பையில் போட்டுவிடுங்கள். பிள்ளை ஒரு நல்ல பந்து அடித்துவிட்டு ஓரக்கண்ணால் பார்க்கும்போது நீங்கள் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

பெண் பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள்?

ஆறாவது ஏழாவதில் டீம் நிறையப் பெண்கள். ஒன்பதாவது வரும்போது பாதிப் பேரைக் காணோம். திறமை போய்விட்டதா? இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வயல் ஓரமாக ஒரு கிலோமீட்டர் நடை. பெரிய மனுஷியாகிவிட்டாள். "போதும்டி வெளையாண்டது" என்கிறார் பாட்டி. கதை முடிந்தது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில், சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். கண்ணகி நகர் வசதியான பேட்டை இல்லை. அங்கிருந்து வர முடிந்தால் குருவிநத்தத்திலிருந்தும் கூடப்பாக்கத்திலிருந்தும் ஏன் வர முடியாது?

வழி இருக்கிறது. ஒரே தெருவிலிருந்து, பக்கத்து ஊரிலிருந்து நாலு பெண்கள் விளையாடுகிறார்கள் என்றால் நாலு அம்மாக்கள் முறை வைத்துக்கொள்ளலாம். திங்கள் நீ, செவ்வாய் நான். அன்றைக்கு முறை உள்ளவர் ஐந்தரைக்குக் கிரவுண்டுக்குப் போய், நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். மகளிர் சுய உதவிக் குழுவில் பணத்தையே முறை வைத்துக் கட்டுகிற உங்களுக்கு இது ஒரு பெரிய காரியமா? வாரத்தில் ஒரு நாள்தான் உங்கள் முறை வரும்.

மாதவிலக்கு நாட்களில் விளையாடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக விளையாடலாம். வலி அதிகமாக இருந்தால் அன்றைக்கு லேசாகச் செய்யட்டும். பையில் இரண்டு நாப்கின், ஒரு மாற்று உடுப்பு இருக்கட்டும். பள்ளிக் கழிவறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கிரவுண்டுக்குப் போகும்போது ஒரு தடவை நீங்களே பாருங்கள். கழிவறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் ஏராளம். அப்புறம் நீர்க்கடுப்பு வரும். கடுமையாகப் பயிற்சி செய்கிற பெண்ணுக்குத் தொடர்ந்து மூன்று மாசம் விலக்கு வராமல் போனால், 'நல்லதாப் போச்சு' என்று இருக்காதீர்கள். ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிற செய்தியாக அது இருக்கலாம். அப்படியே விட்டால் எலும்பு பலவீனமாகும். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது, எந்தப் பெற்றோரும் நினைக்கக்கூட விரும்பாத விஷயம். 2021-ல் சென்னையில் ஒரு தடகளக் கோச், தன்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்களிடம் தவறாக நடந்ததாகப் புகார் வந்து போக்சோ சட்டத்தில் கைதானார். சுளுக்கு எடுக்கிறேன், மசாஜ் செய்கிறேன் என்று தனி அறைக்குக் கூப்பிடுவது, ராத்திரியில் தனியாக மெசேஜ் அனுப்புவது, வெளியூர்ப் போட்டிக்குப் பெண் ஆசிரியர் இல்லாமல் கூட்டிப் போவது... இதெல்லாம் பையன்களுக்கும் நடக்கலாம். பெரும்பாலான ஆசிரியர்கள் தங்கமானவர்கள். ஆனால் கெட்ட எண்ணம் உள்ளவன் முதலில் தேடுவது, யாரும் வந்து பார்க்காத பிள்ளையைத்தான். நீங்கள் அவ்வப்போது மரத்தடியில் நிற்பதே ஒரு காவல். விஷயம் தெரிந்தால், 'வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்' என்று மூடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098. பிள்ளையின் விளையாட்டை நிறுத்தி பிள்ளைக்குத் தண்டனை கொடுத்துவிடாதீர்கள்.

அடிபட்டால்...

கணுக்கால் பிசகினால் உடனே எண்ணெய் போட்டு உருவுவது நம் பழக்கம். முதல் இரண்டு நாள் உருவவே கூடாது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். உருவினால் வீக்கம் ஏறும். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிஷம் வைத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். எக்ஸ்ரே இல்லாமல் நாட்டுக்கட்டுப் போட்டு, கட்டு இறுகி, விரல் நீலமாகி மரத்துப் போய் ஜிப்மருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, முதலிலேயே பக்கத்து அரசு சுகாதார நிலையத்துக்குப் போவது எவ்வளவோ மேல்.

தலையோடு தலை மோதினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. "ஒண்ணும் இல்ல சார், ஆடறேன்" என்று அவனே சொன்னாலும் விடக்கூடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் சரியாக விழிக்காமை, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

யாராவது சுருண்டு விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் நேரம் கடத்தாதீர்கள். 108-க்குச் சொல்லிவிட்டு, நடு நெஞ்சில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை விடாமல்.

மழைக்காலத்துச் சேற்றில் சிராய்ப்பு சகஜம். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினாலே பாதி வைத்தியம் முடிந்தது. 10 வயசிலும் 16 வயசிலும் போட வேண்டிய டி.டி. ஊசியைப் போட்டாயிற்றா என்று அட்டையைத் தேடிப் பாருங்கள். அரசு சுகாதார நிலையத்தில் இலவசம்.

கடைசியாகப் பல். முழங்கை பட்டு முன்பல் முழுசாகப் பிடுங்கிக்கொண்டு விழுந்துவிட்டதா? தூக்கி எறியாதீர்கள். திரும்ப ஒட்டவைக்க முடியும்! வேர்ப் பக்கத்தைத் தொடாமல், கடிக்கிற பக்கத்தைப் பிடித்து எடுத்து, மண் இருந்தால் லேசாக ஒரு தடவை அலசுங்கள், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அப்போதே குழியில் நேராக வைத்து, சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். தண்ணீரில் போட வேண்டாம். அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் சேர்ந்தால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் குறைந்துகொண்டே போகும். உங்கள் ஊரிலிருந்து அரை மணியில் போகக்கூடிய பல் டாக்டர் யார், சாயங்காலம் எத்தனை மணி வரை இருக்கிறார் என்று இப்போதே விசாரித்து, அந்த நம்பரை பி.டி. மாஸ்டரிடமும் கொடுத்து வையுங்கள்.